ஸ்ரீ அவினாசிலிங்கம் செட்டியாரும் திருப்பூர்க் குழந்தைகளும்

நொய்யலாற்றங்கரையிலுள்ள திருப்பூர் நகரம் இன்று பற்பல தேசங்களின் குழந்தைகளுக்கு உடை அளித்து வருகிறது. நூலைப் பின்னி, சாயமேற்றி, வெட்டி, தைத்து, பெட்டிகளில் அடுக்கிக் கப்பலேற்றி அந்நகரம் ஆண்டுதோறும் அயல்நாடுகளுக்கு அனுப்பும் பின்னலாடைகளின் மதிப்பு 30,000 கோடி ரூபாயைக் கடந்துவிட்டது. ஆனால் அவ்வுடைகளைத் தைக்கும் தொழிலாளரின் குழந்தைகள் எந்தப் பள்ளியில், எத்தனை பேருக்கு நடுவில் நெருங்கி உட்கார்ந்து, யாருடன் சேர்ந்து படிக்கிறார்கள் என்ற கேள்வியை அந்நகரத்துச் செல்வர்கள் அடிக்கடி கேட்டுக்கொள்வதாகத் தெரியவில்லை.

இக்கேள்வியைத் தம் வாழ்நாள் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்த பெரியார் ஒருவர் அதே ஊரில், செல்வம் மிக்க குடும்பம் ஒன்றில் பிறந்தார். அவரே ஸ்ரீ தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார். சென்னை மாகாணத்தின் கல்வி மந்திரியாக இருந்தவர் என்றும், பெரியநாயக்கன்பாளையத்து வித்யாலயத்தை நிறுவியவர் என்றும் தமிழ்நாடு அவரை அறியும். அவர் பிறந்த ஊரின் இன்றைய நிலைமையோடு சேர்த்து அவர் வரலாற்றை நோக்குவோர் சிலரே. அவ்வாறு நோக்குவது இக்காலத்துக்கு மிகவும் பயன்படும் என்று கருதி அவ்வரலாற்றை இங்கே கூறப் புகுகிறோம்.

பிறந்த ஊரும் அக்காலப் பள்ளிகளும்

ஸ்ரீ செட்டியார் 1903-ஆம் ஆண்டு மே மாதம் 5-ஆம் தேதி திருப்பூரில் பிறந்தார். தந்தையார் சுப்பிரமணியம் செட்டியார், தாயார் பழனியம்மாள். அந்நாளில் திருப்பூர் ரெயில் பாதையை ஒட்டி வளர்ந்துவந்த சிற்றூர். சுற்றிலுமுள்ள கரிசல் நிலங்களிலும் செம்மண் நிலங்களிலும் விளைந்த பருத்தி அங்கே வண்டி வண்டியாக வந்து இறங்கும். பஞ்சு அரைக்கும் ஆலைகளும், பஞ்சு வியாபாரமுமே ஊரின் ஜீவனம். பனியன் தொழில் அப்போது அவ்வூருக்கு வரவில்லை. 1925-ஆம் ஆண்டை ஒட்டியே முதல் பின்னலாடைத் தொழிற்கூடம் அங்கே தோன்றிற்று.

பாலகரான அவினாசிலிங்கம் திருப்பூரிலும், பின்னர் கோயமுத்தூரிலும் பள்ளிப் படிப்பை முடித்தார். அங்கிருந்து சென்னை சென்று பச்சையப்பன் கல்லூரியில் பட்டம் பெற்று, சட்டக் கல்லூரியிலும் தேறினார். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு ஓர் ஊர்ப் பள்ளி போதாவிட்டால் அடுத்த ஊர்ப் பள்ளி. அதுவும் போதாவிட்டால் தலைநகரம். ரெயில் கட்டணமும் விடுதிச் செலவும் அவருக்கு ஒரு பொருட்டல்ல. ஆகவே பள்ளி எல்லை என்பது அவரை ஒருநாளும் தடுக்கவில்லை.

அக்காலத்து மற்றக் குழந்தைகளின் நிலைமை வேறு. கிராமத்துப் பள்ளி கோயில் மண்டபத்திலோ, சாவடியிலோ, அக்கிரகாரத்திலோ நடைபெறும். அவ்விடங்களில் கால் வைக்கக் கூடாதென்று விலக்கப்பட்ட ஜாதியாரின் குழந்தைக்கு, கணக்குப் புத்தகத்தில் பள்ளி உண்டு. கண்ணெதிரே பள்ளி இல்லை. உள்ளே சேர்த்துக்கொண்ட இடங்களிலும் தனியே உட்காரவைக்கும் வழக்கம் இருந்தது. ஜாதியின் தடையைத் தாண்டினால் வறுமையின் தடை. மாடு மேய்க்கவும், தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளவும், பஞ்சு எடுக்கவும் வேண்டிய சிறுவனைப் பெற்றோர் பள்ளிக்கு எப்படி விடுவார்கள்? அதையும் தாண்டி உயர்தரப் பள்ளி வரை வந்தவனை ஆங்கிலம் என்னும் மதில் தடுத்து நிறுத்தியது. பூகோளமும் சரித்திரமும் கணிதமும் அவனுக்கு அந்நிய பாஷையில் போதிக்கப்பட்டன. வீட்டில் ஆங்கிலம் அறிந்தவர் உள்ள பிள்ளை பிழைத்துக்கொண்டான், மற்றவன் பின்தங்கினான்.

இந்த மூன்று தடைகளையும் நீக்குவதற்கு ஸ்ரீ செட்டியார் செய்த முயற்சியே அவருடைய சரித்திரம் என்று கூறினால் மிகையாகாது.

தேசத் தொண்டு

சட்டம் படித்து முடித்த ஸ்ரீ செட்டியார் கோயமுத்தூரில் வழக்கறிஞர் தொழிலை மேற்கொண்டார். திருப்பூரிலிருந்து கோவைக்கு வந்து, சட்டத்திலும் கூட்டுறவு இயக்கத்திலும் பெரும் புகழ் பெற்றிருந்த ஸ்ரீ தி. அ. இராமலிங்கம் செட்டியார் அவருக்கு உறவினர். பொருளும் செல்வாக்கும் தாமாகவே வந்து சேரும் பாதை அவர் முன்னே விரிந்து கிடந்தது. ஆனால் அவர் உள்ளம் அதில் நிலைக்கவில்லை. ஸ்ரீ இராமகிருஷ்ணர், விவேகானந்தர் ஆகியோரின் உபதேசங்கள் அவரை ஈர்த்தன. ஏழைக்குச் செய்யும் தொண்டே இறைவழிபாடு என்ற விவேகானந்தரின் கொள்கை அவருக்கு வாழ்க்கை நெறியாயிற்று. சென்னை மயிலையில் 1905 முதல் ஏழை மாணவர்களுக்கு உணவும் இருப்பிடமும் அளித்துவந்த ஸ்ரீ இராமகிருஷ்ண மாணவர் இல்லம், அத்தகைய தொண்டை எவ்வாறு நடத்தலாம் என்பதற்கு அக்காலத்து இளைஞர்களுக்கு ஓர் எடுத்துக்காட்டாக விளங்கிற்று.

அதே காலத்தில் காந்தியடிகளின் இயக்கம் கொங்கு நாடெங்கும் பரவியது. திருப்பூர் கதர்த் தொழிலின் தலைநகராயிற்று. சுற்றுக் கிராமங்களில் நூற்ற நூலும் நெய்த துணியும் அங்கே வந்து குவிந்து நாடெங்கும் சென்றன. 1932-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் அந்நகரத் தெருவில் தேசக் கொடியைக் கையிலேந்தியவாறே தடியடிபட்டு உயிர் நீத்த குமாரன் ஓர் ஏழைத் தொழிலாளி. நூல் எடைபோடும் வேலையில் இருந்தவர். செல்வக் குடியில் பிறந்த ஸ்ரீ செட்டியாரும் வசதிகளையெல்லாம் உதறிவிட்டு அதே இயக்கத்தில் குதித்தார். நான்கு முறை சிறை சென்றார். 1942-ஆம் ஆண்டுப் போராட்டத்தில் நேர்ந்த சிறைவாசம் அவற்றுள் நீண்டது. 1935 முதல் பத்தாண்டுகள் மத்திய சட்டசபையிலும் அங்கத்தினராக இருந்தார். விவாகம் செய்துகொள்ளாமலே வாழ்ந்தார். சொந்த வீடு, சொந்தக் குழந்தை என்ற பற்று இல்லாதவருக்கு ஊரார் குழந்தைகளெல்லாம் சொந்தமாயின.

வித்யாலயம்

1930-ஆம் ஆண்டில், தேசமெங்கும் உப்புச் சத்தியாக்கிரகம் நடந்துகொண்டிருந்த வேளையில், ஸ்ரீ செட்டியார் கோயமுத்தூரில் வாடகை வீடொன்றில் ஸ்ரீ இராமகிருஷ்ண வித்யாலயத்தைத் தொடங்கினார். விரல்விட்டு எண்ணத்தக்க சிறுவர்களே அப்போது இருந்தனர். தீண்டத்தகாதவர் என்று ஊரார் ஒதுக்கிய குலத்துப் பிள்ளையும் அவர்களுள் சேர்ந்திருந்ததே இதில் முக்கியமான விஷயம்.

இக்காலத்தார்க்கு இது எளிய செயலாகத் தோன்றலாம். அன்று அவ்வாறன்று. ஒரே வகுப்பில் உட்காரவைப்பதற்கே தயங்கிய சமூகத்தில், ஒரே பந்தியில் உணவிட்டு, ஒரே கூரையின் கீழ் உறங்கச் செய்தல் பெருந் துணிவு. இதனால் பிள்ளையை அனுப்ப மறுத்தவர்கள் இருப்பார்கள். கொடை தர மறுத்தவர்களும் இருப்பார்கள். முதலில் மேல் வகுப்புப் பிள்ளைகளை மட்டும் சேர்த்துப் பள்ளியை நிலைநிறுத்திவிட்டு, பின்னர் மெல்ல மற்றவரையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று யோசனை கூறுவோர் எக்காலத்திலும் உண்டு. ஸ்ரீ செட்டியார் அதற்கு மாறாகத் தொடங்கினார். எல்லாருக்கும் கடைசியில் வரவேண்டியவன் என்று உலகம் எவனைக் கருதியதோ அவனை முதல் நாளிலேயே உள்ளே அழைத்தார். அடித்தளத்தில் வைத்த கல்லைப் பின்னர் ஒருவராலும் பெயர்க்க முடியாதல்லவா?

1934-ஆம் ஆண்டில் தீண்டாமை ஒழிப்புக்காகத் தமிழ்நாட்டில் சுற்றுப்பிரயாணம் செய்த காந்தியடிகள் வித்யாலயத்துக்கு அடிக்கல் நாட்டினார். பின்னர் அது மேட்டுப்பாளையம் சாலையில் பெரியநாயக்கன்பாளையத்தில், மலையடிவாரத்தில் நிலைபெற்று, இராமகிருஷ்ண மிஷனைச் சார்ந்த பெரும் கல்விக் கூடமாக வளர்ந்தது. உயர்நிலைப் பள்ளி, ஆதாரப் பள்ளி, ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி, கிராமியக் கல்வி நிலையம், கலைக் கல்லூரி என்று காலப்போக்கில் பல கிளைகள் விட்டது.

அங்கே பிள்ளைகள் வாழ்ந்த முறையைச் சிறிது கவனிக்க வேண்டும். தங்கும் இடத்தைத் தாங்களே கூட்டினார்கள். தங்கள் துணியைத் தாங்களே துவைத்தார்கள். தோட்டத்தில் மண் வெட்டினார்கள், நூல் நூற்றார்கள். மிராசுதாரின் மகனாயினும் கூலியாளின் மகனாயினும் உணவு ஒன்று, உடை ஒன்று, வேலை ஒன்று. இதனால் ஏழைப் பையனுக்குக் கிடைத்த நன்மை வெளிப்படையானது. செல்வர் வீட்டுப் பையனுக்குக் கிடைத்த நன்மையோ அதனினும் பெரிது என்பது நமது அபிப்பிராயம். உழைப்பின் வியர்வையை அவன் தன் உடம்பில் அறிந்தான். தன்னைவிட நன்றாகக் கணக்குப் போடும் ஏழைத் தோழனை அருகில் கண்டான். பிற்காலத்தில் அவன் ஆலை முதலாளியானாலும் சரி, அதிகாரியானாலும் சரி, தன் கீழ் வேலை செய்வோரை மனிதராக மதிப்பதற்கு அப்பழக்கமே அஸ்திவாரம். ஏட்டுப் படிப்பினால் இது வருவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து வளர்வதனால் மட்டுமே வருவது.

மந்திரி பதவியில்

வித்யாலயத்தில் சில நூறு பிள்ளைகளுக்குச் செய்ததை மாகாணத்துக்கே செய்யும் வாய்ப்பு 1946-ஆம் ஆண்டில் வந்தது. ஸ்ரீ பிரகாசத்தின் மந்திரி சபையிலும், அடுத்து ஓமந்தூர் ஸ்ரீ இராமசாமி ரெட்டியாரின் மந்திரி சபையிலும் 1949 வரை ஸ்ரீ செட்டியார் கல்வி மந்திரியாக இருந்தார். அவர் ஏற்றுக்கொண்ட பாரம் எத்தகையது என்பதை ஒரு கணக்கு காட்டும்: 1951-ஆம் ஆண்டு ஜனக்கணக்கின்படி இந்திய தேசத்தில் எழுத்தறிந்தவர் நூற்றுக்குப் பதினெட்டுப் பேரே. யுத்தம் அப்போதுதான் முடிந்திருந்தது. உணவுப் பஞ்சம் நாட்டை வாட்டியது. கஜானாவில் பணம் போதவில்லை.

அந்நிலையிலும் அவர் செய்தவை பல. உயர்நிலைப் பள்ளிகளில் தாய்மொழியே போதனாமொழியாக வேரூன்றுமாறு செய்தார். முன்னே நாம் குறித்த ஆங்கில மதிலில் இதனால் அகலமான வாயில் திறந்தது. திருக்குறள் பள்ளிப் பாடத்தில் இடம் பெறச் செய்தார். காந்தியடிகள் வகுத்த ஆதாரக் கல்வியை மாகாணத்தில் பரப்ப முயன்றார். பாரதியாரின் நூல்களுக்குரிய உரிமையைச் சர்க்கார் பெற்று நாட்டுக்குப் பொதுவாக்கும் ஏற்பாடு 1949-ஆம் ஆண்டில் தொடங்கிற்று. தமிழில் எல்லாத் துறை அறிவும் கிடைக்க வேண்டுமென்று 1946-ஆம் ஆண்டில் தமிழ் வளர்ச்சிக் கழகத்தைத் தோற்றுவித்தார். அதன் வாயிலாக ஸ்ரீ பெரியசாமித் தூரனை ஆசிரியராகக் கொண்டு கலைக்களஞ்சியம் பத்துத் தொகுதிகளாக 1954 முதல் 1968 வரை வெளிவந்தது.

இவற்றுள் மிகுதியும் பேசப்படாததும், நம் விஷயத்துக்கு மிக நெருங்கியதுமான செயல் ஒன்று உண்டு. அதுவே 1948-ஆம் ஆண்டில் நிறைவேறிய சென்னைப் பொது நூலகச் சட்டம். நூலக இயலின் தந்தையாகிய ஸ்ரீ சீ. இரா. அரங்கநாதன் பல்லாண்டுகள் வற்புறுத்தி வந்த யோசனை, ஸ்ரீ செட்டியார் கல்வி மந்திரியாக இருந்தபோது சட்டமாயிற்று. பாரத தேசத்தின் மாகாணங்களில் இத்தகைய முதற் சட்டம் இதுவே. இதன் நுட்பம் எளிது. வீட்டுக்கும் சொத்துக்கும் வரி செலுத்துவோர் அவ்வரியோடு ஒரு சிறு தொகையை நூலகத்துக்காகச் சேர்த்துச் செலுத்துவார்கள். அப்பணம் ஜில்லா முழுமைக்கும் பொதுவாகச் செலவிடப்படும். மாடி வீட்டுக்காரரின் வரியில் குடிசைக்காரரின் மகன் படிப்பான். அவரவர் தெருவின் பணம் அவரவர் தெருவுக்கே என்று எல்லை வகுத்திருந்தால் செல்வர் தெருவில் மாளிகை போன்ற நூலகமும், ஏழைகள் தெருவில் வெறும் திண்ணையும் இருந்திருக்கும். ஜில்லாவை ஒரு குடும்பமாகக் கொண்டதே இச்சட்டத்தின் சிறப்பு.

அவர் செயல்கள் எல்லாவற்றையும் ஜனங்கள் ஏற்றனர் என்று சொல்வதற்கில்லை. 1948-ஆம் ஆண்டில் பள்ளிகளில் ஹிந்தி போதனையைக் கொண்டுவந்தபோது கடுமையான எதிர்ப்பு எழுந்தது. மறியல்களும் கைதுகளும் நிகழ்ந்தன. ஆதாரக் கல்வியும் அவர் எண்ணியபடி வேர்கொள்ளவில்லை. கைத்தொழிலோடு கூடிய படிப்பு ஏழைகளுக்கு மட்டும் உரியது என்ற எண்ணம் பரவிற்று. வசதியுள்ளோர் தங்கள் பிள்ளைகளை வேறு பள்ளிகளில் சேர்த்தனர். அவர்கள் விலகிய பள்ளியைக் குறித்துக் குரல் எழுப்புவோரும் குறைந்தனர். இதிலுள்ள படிப்பினையை நாம் மறத்தலாகாது.

இட நெருக்கடியும் அரை நாள் பள்ளியும்

ஸ்ரீ செட்டியார் பதவியை விட்டு நீங்கிய சில ஆண்டுகளில் பள்ளி இட நெருக்கடி பெரும் அரசியல் விவாதமாயிற்று. இருக்கும் கட்டடமும் உபாத்தியாயரும் போதாமையால், 1953-ஆம் ஆண்டில் ராஜாஜி மந்திரி சபை கிராமப் பள்ளிகளில் பிள்ளைகளை இரு பிரிவாக்கி, ஒவ்வொரு பிரிவுக்கும் மூன்று மணி நேரம் பாடம் நடத்தும் திட்டத்தைக் கொண்டுவந்தது. மீதி நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என்றும் அத்திட்டம் கூறிற்று. இது பிறப்பினால் வந்த தொழிலிலேயே பிள்ளையைக் கட்டிவைக்கும் என்று நாடெங்கும் எதிர்ப்புக் கிளம்பியது. 1954-ஆம் ஆண்டில் முதல் மந்திரியான ஸ்ரீ காமராஜ் அதைக் கைவிட்டார். புதிய பள்ளிகளை ஊர்தோறும் திறந்தார். 1956 முதல் மதிய உணவுத் திட்டமும் பரவியது.

ஒரே அறையில் இரு மடங்கு பிள்ளைகளைப் படிக்கவைப்பது கணக்குக்குச் சரியாக வரலாம். ஆனால் பாதி நாள் வெளியே விடப்படும் ஏழைப் பிள்ளை எங்கே போவான்? திருப்பூர் போன்ற ஊரில் அவன் பனியன் கம்பெனியில் கைமடி வேலைக்குப் போவான். பிற்காலத்தில் பின்னலாடைத் தொழில் பெருகிய நாட்களில் பள்ளியில் இருக்கவேண்டிய சிறுவர் பலர் அவ்வாறே தையல் மெஷின்களின் அருகில் நின்றதை நாடு கண்டது. இட நெருக்கடிக்குப் பரிகாரம் இடத்தைப் பெருக்குவதே. பிள்ளையின் நேரத்தைக் குறைப்பதன்று.

ஸ்ரீ செட்டியார் 1952-ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் தம் சொந்த ஊராகிய திருப்பூர்த் தொகுதியிலிருந்தே லோக் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1958 முதல் 1964 வரை ராஜ்ய சபையில் இருந்தார். 1957-ஆம் ஆண்டில் கோயமுத்தூரில் பெண்களுக்காக மனையியல் கல்லூரி ஒன்றை நிறுவினார். அது 1988-ஆம் ஆண்டில் பல்கலைக் கழகத்துக்கு நிகரான தகுதி பெற்றது. 1970-ஆம் ஆண்டில் பத்மபூஷண் விருது அவரை நாடி வந்தது. வித்யாலயத்துப் பிள்ளைகளாலும் ஆசிரியர்களாலும் அய்யா என்று அன்புடன் அழைக்கப்பட்ட அப்பெரியார் 1991-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் காலமானார். செல்வராகப் பிறந்தவர், தமக்கென்று ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் மறைந்தார்.

இன்றைய திருப்பூர்

அவர் பாலகராக ஓடியாடிய திருப்பூர் இன்று அடையாளம் தெரியாதபடி மாறிவிட்டது. 1970-ஆம் ஆண்டுகளின் இறுதியில் ஏற்றுமதி தொடங்கியது முதல் ஊர் வீங்கத் தொடங்கிற்று. 2008-ஆம் ஆண்டில் மாநகராட்சியாயிற்று. 2009-ஆம் ஆண்டில் தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று. 2011-ஆம் ஆண்டில் வேலம்பாளையம், நல்லூர் நகராட்சிகளும் சுற்றியுள்ள ஊராட்சிகளும் அதனோடு சேர்க்கப்பட்டன. அவ்வாறு விரிந்த எல்லைக்குள் அவ்வாண்டு ஜனக்கணக்கின்படி ஏறத்தாழ 8 லட்சத்து 77 ஆயிரம் மக்கள் வசித்தனர். மதுரை, தேனி, திண்டுக்கல் முதலிய மாவட்டங்களிலிருந்தும், காவிரிப் பாசன ஊர்களிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்தனர். ஒடிசா, பீகார், ஜார்க்கண்டு, வங்காளம், அஸ்ஸாம் ஆகிய ராஜ்யங்களிலிருந்தும் வந்துகொண்டிருக்கின்றனர்.

நகரின் எல்லையை ஒரு கையெழுத்தினால் மாற்றிவிடலாம். பள்ளிக்கூடத்தை அவ்வாறு மாற்ற முடியாது. முந்நூறு பேர் வசித்த கிராமத்துக்கென்று கட்டிய பள்ளியைச் சுற்றி இப்போது வரிசை வரிசையாக லைன் வீடுகள் எழுந்துவிட்டன. ஒவ்வொரு வீட்டிலும் பள்ளி வயதுப் பிள்ளைகள். தந்தை ஒரு கம்பெனியை விட்டு இன்னொரு கம்பெனிக்கு மாறினால் குடும்பமும் நகரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு மாறுகிறது. பிள்ளை ஆண்டின் நடுவில் வேறு பள்ளியின் வாயிலில் நிற்கிறான். நகரின் நடுவிலுள்ள ஜெய்வாபாய் பெண்கள் மேல்நிலைப் பள்ளி போன்ற பள்ளிகளில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் படிக்கிறார்கள். இப்பள்ளிகளில் உழைக்கும் ஆசிரியைகளும் ஆசிரியர்களும் நம் நன்றிக்கு உரியவர்கள். ஆயினும் ஒரு பள்ளி எத்தனை பேரைத் தாங்கும்? இதே தமிழ்நாட்டின் வேறு பல கிராமங்களில் பிள்ளைகள் இல்லாமல் தொடக்கப் பள்ளிகள் வெறிச்சோடிக் கிடக்கின்றன. அக்கிராமத்துப் பெற்றோர் வேலை தேடி வந்து சேர்ந்த ஊர்களுள் திருப்பூர் ஒன்று. பள்ளி அங்கே நிற்கிறது. பிள்ளை இங்கே நிற்கிறான்.

சட்டம் என்ன கூறுகிறது? 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் அருகமைப் பள்ளியைப் பிள்ளையின் உரிமையாக்கிற்று. தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள்ளும், நடுநிலை வகுப்புகள் மூன்று கிலோமீட்டருக்குள்ளும் இருக்கவேண்டும் என்பது தமிழ்நாட்டு விதி. தொடக்க வகுப்புகளில் முப்பது பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் வேண்டும். மாற்றுச் சான்றிதழ் இல்லையென்றோ, பிறந்த தேதிக்குச் சான்று இல்லையென்றோ, காலங்கடந்து வந்தான் என்றோ பதினான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளையைத் திருப்பி அனுப்பலாகாது. தனியார் பள்ளிகளும் தொடக்க வகுப்பில் நாலில் ஒரு பங்கு இடத்தை நலிந்தோர் குழந்தைகளுக்கு அளிக்கவேண்டும். இடம் பெயரும் தொழிலாளரின் குழந்தைக்கு இதைவிடத் தெளிவான பாதுகாப்பை எழுத்தில் அளிக்க முடியாது. எழுத்துக்கும் வகுப்பறைக்கும் இடையேயுள்ள தூரமே இப்போது கடக்கவேண்டியது.

மற்றொரு மதிலும் மீண்டும் எழுந்துள்ளது. ஸ்ரீ செட்டியார் தாய்மொழியின் மூலம் திறந்த வாயிலைச் செல்வர்கள் வேறு பக்கமாகச் சுற்றிக்கொண்டு சென்றுவிட்டனர். கட்டணம் வாங்கும் ஆங்கிலப் பள்ளிகள் பெருகின. 2010-ஆம் ஆண்டில் சமச்சீர்க் கல்விச் சட்டம் வந்து, மாநிலப் பாடத்திட்டத்தில் படிக்கும் பிள்ளைகளுக்கெல்லாம் பாடநூலை ஒன்றாக்கிற்று. பாடநூல் ஒன்றானது, பெஞ்சு ஒன்றாகவில்லை. முதலாளியின் மகளும், அவர் கம்பெனியில் தைக்கும் தொழிலாளியின் மகளும் ஒரே ஊரில் வளர்ந்தும் ஒருவர் முகத்தை ஒருவர் அறியாமலே பெரியவர்களாகிறார்கள். நாளைக்கு ஒருத்தி கூலி கேட்பாள். ஒருத்தி கூலி நிர்ணயிப்பாள். இருவருக்கும் இடையே ஒரு நாள் நட்பும் இருந்ததில்லையென்றால் அந்தப் பேச்சு எப்படி முடியும்?

செய்யவேண்டுவது

திருப்பூர்த் தொழிலதிபர்களுள் பெரும்பாலோர் பரம்பரைச் செல்வர்கள் அல்லர். கைமடியாகவும் டெய்லராகவும் தொடங்கி, உழைப்பினால் உயர்ந்தவர் அநேகர். அரசுப் பள்ளியில் படித்தவர்களும் அவர்களுள் பலர். ஆகையால் அவர்களிடம் நாம் கேட்பது புதிய தர்மமன்று. தாங்கள் ஏறிவந்த ஏணியைப் பின்வருவோருக்கும் விட்டுவைக்கவேண்டும் என்பதே. லாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைச் சமூக நலத்துக்குச் செலவிடப் பெரிய கம்பெனிகளை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. அத்தொகையில் ஒரு பங்கு நகரின் விளிம்பிலுள்ள பள்ளிகளுக்கு வகுப்பறைகளாகவும், பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பிடங்களாகவும் மாறட்டும். நிலமுடையோர் நிலம் தரட்டும். புதிய குடியிருப்புக்கு அனுமதி அளிக்கும் அதிகாரிகள், அங்கே வரப்போகும் பிள்ளைகள் எந்தப் பள்ளிக்குச் செல்வார்கள் என்று முதலில் கேட்கட்டும். மாநகராட்சியும் கல்வி இலாகாவும் வீடுகளை எண்ணுவதுபோலவே பிள்ளைகளையும் ஆண்டுதோறும் எண்ணி, எங்கே கூட்டம் மிகுகிறதோ அங்கே ஆசிரியரை அனுப்பட்டும். வார்டு எல்லையும் ஊராட்சி எல்லையும் அலுவலகப் படத்தில் இருக்கட்டும். பிள்ளையின் பாதையில் குறுக்கிட வேண்டாம்.

இவை அனைத்திலும் கடினமானது ஒன்று உண்டு. பணம் கொடுப்பது எளிது. தம் பிள்ளையையும் அதே பள்ளியில் சேர்ப்பது அரிது. ஊரில் செல்வாக்குள்ள நூறு குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளை அருகிலுள்ள அரசுப் பள்ளிக்கு அனுப்பத் தொடங்கினால், அப்பள்ளியில் ஒழுகும் கூரை ஓராண்டுக்கு மேல் ஒழுகாது. காலியான ஆசிரியர் இடம் ஓராண்டுக்கு மேல் காலியாக இராது. கேட்கும் குரலுக்கு வலிமை இருந்தால் சர்க்காரின் செவியும் கூர்மையாகும். ஆதாரக் கல்வி தளர்ந்ததற்குச் சொன்ன காரணத்தைத் தலைகீழாக்கினால் பள்ளி நிமிரும் வழி அதுவே என்று விளங்கும்.

ஸ்ரீ அவினாசிலிங்கம் செட்டியார் 1930-ஆம் ஆண்டில் ஒரு வாடகை வீட்டில் போட்ட பந்தியில் எல்லாக் குலத்துப் பிள்ளைகளும் ஒன்றாய் அமர்ந்தனர். அன்று அவரிடம் கட்டடம் இல்லை. பெரும் பணம் இல்லை. ஊராரின் முழுச் சம்மதமும் இல்லை. இன்று அவர் பிறந்த ஊரில் கட்டடம் கட்டும் ஆற்றல் உண்டு, பணம் உண்டு, சட்டமும் துணைக்கு உண்டு. அந்தப் பந்தியை விரிப்பதற்கு மனம் மட்டுமே வேண்டும். திருப்பூர்ப் பெருமக்கள் தங்கள் ஊரின் இம்மகனை நினைவுகூர்ந்து, வரும் பள்ளி ஆண்டு தொடங்குவதற்கு முன்பே அப்பணியில் இறங்குவார்களாக.